ஊமைக் கம்பி

எங்கள் வீட்டில் முன்பு ஒரு பழைய ரேடியோ இருந்தது. அதற்கு உடம்பு சரியில்லையென்றால் நமக்கு உடனே தெரிந்துவிடும். இருமும், முனகும், கரகரக்கும். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் ரோஷம் வந்து பாடவும் செய்யும். டிஜிட்டல் சாதனங்களுக்கு இந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. பாடினால் பிசிறில்லாமல் பாடும். கோளாறு முற்றினால் ஒரேயடியாக மௌன விரதம்!

சென்ற மாதம் அத்தை வந்திருந்தாள். வயது 82. வந்ததும் வராததுமாக, "அண்ணி குரலைக் கேட்கணும்டா" என்றாள். அம்மா பாடிய தாலாட்டு ஒன்றைப் பழைய கேசட்டிலிருந்து சி.டி.யில் ஏற்றி வைத்திருந்தேன். போட்டேன். பிளேயரில் விநாடிகள் ஓடின. ஆம்பிளிபயரில் விளக்கு எரிந்தது. சத்தத்தை மட்டும் காணோம்.

"என்னடா, உங்கம்மா வாயே திறக்கமாட்டேங்கிறாளே! ஏதாவது சொல்லிக் கோபப்படுத்திட்டியா?"

அத்தை வேடிக்கையாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "எழுதுகிற நேரத்தில் பாடாதே, அம்மா" என்று ஒரு நாள் நான் சீறியதும், அதற்குப் பிறகு அம்மா பகலில் பாடுவதையே விட்டுவிட்டதும் அத்தைக்குத் தெரியாது.

மனம் குறுகுறுத்தால் வேறொருவரைக் குற்றவாளியாக்குவது மனித சுபாவம். மட்டமான கம்பியைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டினேன். அதை மாட்டிக் கொடுத்த தங்கை மகன் மேலும் பாய்ந்தேன். பையன் பதில் பேசாமல் வேலையைத் தொடங்கினான்.

இரண்டு பெட்டிகளையும் இணைத்திருந்தது ஒளிக் கம்பி. 1983-இல் தோஷிபா நிறுவனம் கொண்டு வந்த முறை அது. சங்கீதத்தை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக்கி, அவற்றைச் சிவப்பு ஒளியின் மினுக்கலாக அனுப்புகிறார்கள்.

ஆம்பிளிபயரின் குமிழ் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பையன் பார்த்தான். நின்றது. பின்னால் கையை விட்டுக் கம்பியின் முனையைக் கழற்றி, உள்ளங்கைக்கு நேரே பிடித்தான். சிவப்புப் புள்ளி விழவில்லை. பிளேயர் பக்கத்து முனையையும் கழற்றினான். பிளேயரின் துவாரத்தில் செக்கச் செவேலென்று வெளிச்சம்!

"பிளேயர் பேசுகிறது, மாமா. நடுவில் யாரோ வாயைப் பொத்தியிருக்கிறார்கள்" என்றான்.

அலமாரியை நகர்த்தினோம். சுவருக்கும் அதற்கும் இடையில் கம்பி முழங்காலைப் போல மடங்கிக் கிடந்தது. அப்படி மடங்கினால் பிளாஸ்டிக் இழைக்குள் ஒளி திரும்பிப் போகாது, வளைவிலேயே வெளியேறிவிடும். இடத்தை அடைக்கிறதென்று முதல் வாரம் அலமாரியைச் சுவரோடு ஒட்டத் தள்ளிய புண்ணியவான் வேறு யாருமல்ல, அடியேன்தான்!

மேஜையறையில் 75 ஓம் செப்புக் கம்பி ஒன்று இருந்தது. பையன் அதை மாட்டிக் குமிழைத் திருப்பினான். அம்மா பாடினாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

பையனிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் எப்படிக் கேட்பது? பாட்டு முடிகிற வரையில் நான் வாயைத் திறக்கவில்லை.