ஜீரோவுக்குள்ளே அரை இட்லி!

பி.காம். படித்தவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்து, கூட்டல் சரியாக இருக்கிறதா என்று தேடுவான். பிஸ்கெட் பாக்கெட், பஸ் டிக்கெட், கல்யாணத்தில் எழுதுகிற மொய் நோட்டு - எதையும் விடுவதில்லை.

எங்கள் கோச்சடையில், மேலக்கால் ரோட்டை ஒட்டி ஒரு மாடியில் ஜிம் இருக்கிறது. காலை ஐந்தரைக்கே ஆபீஸ் பையன்கள் கூடிவிடுவார்கள். நான் போவது நடைபோடும் மெஷினுக்காக மட்டும். (டாக்டர் உத்தரவு. வேறு ஆசை எதுவும் கிடையாது.) அங்கே ஒரு தம்பி, ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸில் கேஷியர். அவன் கையில் எப்போதும் ஒரு ஷேக்கர் பாட்டில், உள்ளே திருவிழா கலர் சோடா மாதிரி நீலமாய் ஏதோ.

"என்ன தம்பி இது?"

"பி.சி.ஏ.ஏ.ண்ணே. அமினோ ஆசிட். தசை வளரும், ஆனா கலோரி ஜீரோ. காலைல இட்லிய நிறுத்திட்டேன், இப்ப இதான் டிபன்."

"பசிக்காதா?"

"பதினோரு மணிக்கு லேசா கை நடுங்கும்ணே. போன வாரம் நோட்டு எண்றப்ப ஐநூறு கொறஞ்சு போச்சு. கையவிட்டுத்தான் கட்டினேன்."

டப்பாவை வாங்கித் திருப்பினேன். கலோரி: 0. அதற்குக் கீழேயே, ஒரு ஸ்கூப்பில் அமினோ அமிலம் 7 கிராம். விலை 1,800 ரூபாய், 30 ஸ்கூப். ஆக, ஒரு ஸ்கூப் 60 ரூபாய்.

இங்கேதான் கூட்டல் இடித்தது. அமினோ அமிலம் என்பது புரதத்தின் செங்கல். முட்டையோ, பருப்போ, ஆட்டுக்கறியோ, எதைத் தின்றாலும் குடலில் உடைந்து பெரும்பாலும் அமினோ அமிலமாகத்தான் ரத்தத்தில் சேருகிறது. புரதத்துக்கு கிராமுக்கு 4 கலோரி. சுவராக நிற்கும்போது கனக்கிற செங்கல், பிரித்து அடுக்கினால் கனமில்லாமல் போய்விடுமா?

அந்த 4 வந்த கதை சுவாரஸ்யமானது. 1890களில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஒரு சின்ன அறைக்குள் ஆளை அடைத்துச் சோறு போட்டு, சைக்கிள் மிதிக்க விட்டு, உடம்பு வெளிவிடும் சூட்டை அளந்தார். புரதத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்து முழுக்க எரித்தால் கிராமுக்கு 5.65 கலோரி வரும். நம் உடம்பு அவ்வளவு முழுசாக எரிப்பதில்லை. நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அதோடு கொஞ்சம் சக்தியும் போய்விடும். ஜீரணமாகாத சில்லறையையும் கழித்தால் மிச்சம் 4. பி.எஃப். பிடித்தது போகக் கைக்கு வரும் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பி.சி.ஏ.ஏ. என்பது லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்று. இவற்றுக்கு 4க்குக் கொஞ்சம் மேலேயே வரும். 7 கிராமுக்கு சுமார் 30 கலோரி. அதாவது அரை இட்லி!

அப்புறம் ஏன் ஜீரோ? அமெரிக்காவில் 1997ல் வெளியான லேபிள் விதி ஒன்று உண்டு. தனித்தனி அமினோ அமிலம் மட்டுமே உள்ள சரக்கில் 'புரதம் இத்தனை கிராம்' என்று போடக்கூடாது. உதிரிச் செங்கலை வீடு என்று விற்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். சில கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. புரதம் என்று எழுத முடியாதா? சரி, புரதக் கலம் காலி. அது காலி என்றால் கலோரிக் கலமும் காலி! சரக்கு குடோனில் பத்திரமாக இருக்கிறது. லெட்ஜரில் மட்டும் இல்லை. கறுப்புப் பணம் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது கறுப்புக் கலோரி. (உள்ளதை உள்ளபடி அச்சடிக்கிற கம்பெனிகளும் இருக்கின்றன.)

அரை இட்லியால் யாருக்கும் தொப்பை போடாது. அது என் கவலை இல்லை. பதினாறு மணி நேரம் பட்டினி இருந்து இளைக்கிறவர்கள் மட்டும், 'ஜீரோதானே' என்று நடுவில் இதைக் குடித்தால் பட்டினி முறிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். லூசின் இன்சுலினையும் கிளப்பிவிடும்.

என் கவலை அந்தத் தம்பி நிறுத்திய இட்லி. தசை கட்ட உடம்புக்கு வெளியிலிருந்து வந்தே தீரவேண்டிய அமினோ அமிலங்கள் 9. டப்பாவில் இருப்பது 3. மீதி ஆறுக்கு உடம்பு எங்கே போகும்? வேறு சாப்பாடு வராவிட்டால், இருக்கிற தசையையே உடைத்துத்தான் எடுக்கும். பக்கத்து வீட்டுச் சுவரை இடித்து நம் வீட்டைக் கட்டுவதுகூட இல்லை, நம் வீட்டுச் சமையலறையை இடித்துத் திண்ணை கட்டுகிற கதை. பி.சி.ஏ.ஏ. மட்டும் குடித்தால் தசை வளரும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று ராபர்ட் வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் 2017ல் எழுதியதும் இதே கணக்கைத்தான்.

தம்பியிடம் சொன்னேன்: "ஒரு நாமக்கல் முட்டையில 6 கிராம் புரதம், ஒம்பதும் இருக்கு. கலோரி 70. அதை மறைக்கவும் இல்லை. அறுபது ரூபாய்க்கு எத்தனை முட்டை வரும், நீயே போடு."

கேஷியர் அல்லவா, மனக்கணக்காகவே போட்டுவிட்டான். முகம்தான் நீலச் சோடா மாதிரி ஆனது. மறுநாளிலிருந்து இட்லி, கூட இரண்டு முட்டை. டப்பா தீரும்வரை அதையும் குடிப்பானாம். காசு கொடுத்தது ஆயிற்றே!

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், உடம்பை ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்றே இருக்கிறது. ஜிம் மாஸ்டர்களுக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். டப்பா விற்பதும் சில மாஸ்டர்கள்தான்.

ஒன்று விட்டுப் போச்சு. வே புரோட்டீன் டப்பாவில் நடப்பது நேர் எதிர் வேலை. புரதத்தை நேராக அளப்பதில்லை. 1883ல் கோபன்ஹேகனில் யோஹான் கெல்டால் கண்டுபிடித்த முறைப்படி நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். மலிவான கிளைசினைக் கலந்துவிட்டால் நைட்ரஜன் ஏறும். சோதனையில் புரதமும் ஏறும். டாரின் புரதத்தில் சேர்கிற சரக்கே இல்லை, அதிலும் நைட்ரஜன் உண்டு. அந்த டப்பா வாங்குகிறவர்கள் பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல்பைப் போட்டுக்கொண்டு தேடவும், அவ்வளவு பொடி!