மண்பாண்டத்துக்குள் ஒரு பத்திரம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, மணி பன்னிரண்டைத் தாண்டியதும் பல தேவாலயங்களில் ஒரு தட்டு வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கி வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். அதுதான் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவிலோ வேதாகமத்துக்குள்ளோ அது இடம் பிடித்துவிடும். மறுநாள் போனில், “உனக்கு என்ன வசனம் வந்துச்சு?” என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை.

அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. தம் மக்களைக் குறித்து தேவன் கேடு நினைக்கவில்லை, நன்மையையே நினைத்திருக்கிறார் என்பது அதன் பொருள். படித்ததும் மனசு குளிர்ந்துவிடும். வேலை, கல்யாணம், குழந்தை, வீடு என்று எதற்காகக் காத்திருந்தோமோ, அது இந்த வருஷமே கைக்கு வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஜூன், ஜூலை கடந்தும் ஒன்றும் நடக்காதபோது, அந்த அட்டையைப் பார்க்கவே சங்கடமாகிவிடும்.

பாளையங்கோட்டையில் ஒரு குடும்பம். மூத்த மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போய் ஐந்து வருஷமாகிறது. போன் இல்லை, கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும் அவன் நண்பன் மூலம் தெரியும். அவன் போன முதல் வருஷம் அம்மாவுக்கு வந்தது இந்த வசனம்தான். இந்த கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவான் என்று அவனுக்கும் ஒரு சட்டைத்துணி எடுத்துத் தைத்து வைத்தார். அவன் வரவில்லை. அடுத்த வருஷமும் தைத்தார். பீரோவில் சட்டைகள் சேர்ந்துகொண்டே போயின.

நான்காவது வருஷம் நாத்தனார் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். “எதுக்கு மைனி வருஷா வருஷம் துட்டை வீணாக்குறீங்க? அவன் வருவான்னு கர்த்தர் உங்ககிட்ட சொன்னாரா?”

அம்மாவிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி அந்த வசனம் இருக்கும் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தார். அதற்கு முந்தைய வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருந்தது. அவர் அதுவரை கவனித்ததே இல்லை.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. சீக்கிரமே ஊர் திரும்பிவிடலாம் என்று வேறு சிலர் அவர்களுக்கு ஆசை காட்டிக்கொண்டிருந்த நேரம். எரேமியா அப்படிச் சொல்லவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்று எழுதினார். கடிதத்தைப் படித்த பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடப்போகிறவர்கள். வாக்குத்தத்தம் அவர்களுக்கும்தான் தரப்பட்டது.

‘என் மகன் இந்தத் தேதிக்கு வருவான்னு கர்த்தர் எனக்கு எழுதிக் கொடுக்கலை. என்னைக் கைவிடமாட்டேன்னுதான் சொல்லியிருக்கார்.’ அம்மாவுக்கு அன்று இது விளங்கியது. அழுகையும் வந்தது. ஆனாலும் ஐந்தாவது சட்டைக்குத் துணி எடுத்தார். இந்த முறை தையல்காரரிடம் அப்பாவும் கூடப் போனார். மகன் பெயரையே நாலு வருஷமாக வாயில் எடுக்காதவர், “அளவைக் கொஞ்சம் கூட்டித் தைப்பா, இந்நேரம் உடம்பு போட்டிருப்பான்” என்றார். மகன் இன்னும் வரவில்லை.

எரேமியாவும் இப்படி ஒரு காரியம் செய்தார். அது 32-ம் அதிகாரத்தில் இருக்கிறது. கி.மு. 587 வாக்கில் பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் விழும் என்று சொன்னதற்காக ராஜா எரேமியாவைக் காவலில் வைத்திருந்தார். அப்போது அவருடைய தகப்பனின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, சொந்த ஊரான ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார். நாடே எதிரி கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதிலும் ஆனதோத்துக்காரர்கள் ஒரு காலத்தில் எரேமியாவைக் கொல்லவே திட்டம் போட்டவர்கள். யார் வாங்குவார்கள் அந்த நிலத்தை?

எரேமியா வாங்கினார். இந்த தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் கைமாறும் என்று தேவன் சொன்னதை நம்பி வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நெடுங்காலம் கெடாமல் இருக்கட்டும் என்று பத்திரத்தை ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு அவரே தேவனிடம் போய், நகரம் விழப்போகிற நேரத்தில் நிலம் வாங்கச் சொன்னீரே என்று முறையிட்டார். சந்தேகம் அவருக்கும் இருந்தது. ஆனால் அது தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

பிறகு எருசலேம் விழுந்தது. எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலத்தில் அவர் விதைத்ததாகவோ அறுத்ததாகவோ வேதத்தில் எங்கும் இல்லை.

கி.மு. 539-ல் பாரசீக ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்தார். சிறைப்பட்டிருந்தவர்கள் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. திரும்பியவர்களின் கணக்கு எஸ்றாவின் புத்தகம் 2-ம் அதிகாரத்தில் ஊர்வாரியாக இருக்கிறது. வெறும் பெயரும் எண்ணும்தானே என்று பலரும் புரட்டிவிட்டுப் போகும் பக்கம் அது. அதில் 23-ம் வசனத்தைத் தேடிப் பாருங்கள். ஆனதோத்து மனிதர்கள், 128 பேர்.