பாடாலூர்க் கொல்லையும் நீலச் சட்டையும்

பாடாலூரில் கால்பந்துக்கென்று மைதானம் கிடையாது. தை மாதம் மக்காச்சோளக் கதிர் ஒடித்த கொல்லைதான் எங்களுக்கு மைதானம். கட்டைகளைக் கொத்தி எடுத்தாலும் ஒன்றிரண்டு மண்ணுக்குள் நின்றுவிடும். வெறுங்காலில் குத்தினால் உயிர் போகும். பந்தில் குத்தினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. வெங்காயச் சாக்கில் கரிசல் மண்ணை அள்ளிக் கட்டி இருபுறமும் நிறுத்தினால் கோல் போஸ்ட். பூமலை சஞ்சீவிராயர் மலையின் நிழல் கொல்லையில் இறங்கும்வரை ஆடுவோம். பக்கத்தில் திருச்சி–சென்னை நால்வழிச் சாலை இரைந்துகொண்டே இருக்கும். அந்தச் சாலை போய்ச் சேரும் ஊரின் அணி என்பதால்தான் நீலச் சட்டை போட்ட சென்னையின் எஃப்.சி. எங்கள் அணியானது.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது டீக்கடை டிவியில் கிரிக்கெட்டையும் கபடியையும் மீறிக் கால்பந்துக்கு இடம் கேட்பது பெரும்பாடு. மறுவருட டிசம்பர் அதை மாற்றியது. சென்னை வெள்ளத்தில் மிதந்தது. அங்கே வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு போன் கிடைக்காமல் ஊரே தவித்தது. சொந்த ஊரில் ஆட முடியாத அணி, அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புனேயில் ஆடி கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியதும் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சுயகோல். அடுத்த மூச்சில் எங்கள் மெண்டோசாவின் கோல். 3-2. போனவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள்.

கடைக்கார மாமா ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏன்டா தம்பி, இதுல நம்ம பக்கத்துப் பய எவனாச்சும் இருக்கானா?"

அதற்கு முழுப் பதில் 2018இல் கிடைத்தது. மார்ச் 13, கோவாவுடன் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். பெரம்பலூர் போய் பஸ் மாறி, கோயம்பேட்டில் இறங்கி, பெரியமேடு நேரு அரங்கத்துக்குப் போனேன். எங்கள் ஸ்ட்ரைக்கர் ஜெஜே முதல் கோல் அடித்து மூன்றாவது நிமிடம், தனபால் கணேஷ் தலையால் முட்டி இரண்டாவதைப் போட்டார். சென்னை வியாசர்பாடிப் பையன்! என்னைச் சுற்றி நின்ற முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான்கு நாள் கழித்து பெங்களூருவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு, ராஃபேல் அகஸ்டோ ஒன்று. இரண்டாவது கோப்பை.

அதன்பின் நடந்தது இன்றும் வலிக்கிறது. 2018–19இல் பதினெட்டு ஆட்டத்தில் ஒன்பது புள்ளி, கடைசி இடம். கணேஷ் முழங்கால் காயத்தில் கிடந்தார். அதே சீசனில் கோயம்புத்தூரில் ஆடிய இன்னொரு கிளப்பான சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டில் கால்பந்துக்குத் திறமையோ கூட்டமோ இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. மறுவருடம் பயிற்சியாளர் ஓவன் காயில் பாதியில் வந்து எங்கள் அணியை இறுதி ஆட்டம்வரை தூக்கிப்போனார். பிறகு 2020–21, 2021–22, 2022–23 என மூன்று சீசனும் எட்டாம் இடம். 2024–25இல் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாம் இடம்.

தோற்பதை ரசிகன் தாங்குவான். ஆளை விட்டுவிடுவதைத்தான் தாங்க முடியவில்லை. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் வேறு அணிகளுக்குத்தான் ஆடினார். 2023 டூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானை வீழ்த்திய ஒரே கோல் அவருடையது. எங்களிடம் ஆடிய லாலியன்சுவாலா சாங்டே மும்பைக்குப் போய் நாட்டின் சிறந்த விங்கரானார். பதினெட்டு வயதில் வந்து கேப்டன்வரை உயர்ந்த அனிருத் தாபாவும் 2023இல் கொல்கத்தா போனார். தாபாமேல் எனக்கு வருத்தமில்லை, உழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர் இடத்துக்கு ஆளை வளர்க்காத நிர்வாகத்தின்மேல்தான் வருத்தம். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை வருடத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றிக் கூட்டிவந்து அணி கட்ட முடியாது. அணியின் முதுகெலும்பு உள்ளூரில் இருக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் லீக்கே நடக்குமா என்ற குழப்பத்தில் கிளப் முதல் அணிப் பணிகளை நிறுத்தி வைத்தது. அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கொல்லையில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்றும் சாக்குதான் போஸ்ட். இடதுகாலில் ஆடும் ஒருவன் இரண்டுபேரை ஏமாற்றிவிட்டுப் பந்தை அவசரமில்லாமல் மூலைக்குத் தள்ளினான். அந்த நிதானம் கற்றுக்கொடுத்து வருவதில்லை.

கிளப்பை நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: திறமை தேடுபவர் ஒருவரைத் தை, மாசியில் இந்தப் பக்கம் அனுப்புங்கள். பெரம்பலூர் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் ஒரு நாள் தேர்வு வையுங்கள். பாடாலூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவருவது என் பொறுப்பு.