அம்மாச்சியின் மொய்ங்கா

எங்க அம்மாச்சி பிறந்தது பர்மாவில், இப்போ அது மியான்மர். 1964-ல் கப்பலில் வந்தபோது அவங்களுக்கு எட்டு வயசு. அங்கே காலைச் சாப்பாடு மொய்ங்காதானாம். மீனை வேகவைத்து முள் எடுத்து, வாழைத்தண்டு, இஞ்சி, பூண்டு போட்டுக் கொதிக்கவிட்டு, வறுத்த அரிசி மாவைக் கரைத்து ஊற்றுவாங்க. அந்தக் குழம்பை அரிசி சேமியாவில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து சாப்பிடணும். எங்க வீட்டில் சேமியாவுக்குப் பதில் இடியாப்பம்!

போன மாதம் பள்ளிக்குக் கொண்டு வந்தேன். "மீன் நாத்தம்டி" என்று ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். டப்பாவை மூடிவிட்டேன். "எல்லாரும் சாப்பிட்டாங்களா?" என்று அம்மாச்சி கேட்டாங்க. "நல்லா இருந்துச்சாம்" என்று பொய் சொன்னேன். அடுத்த வாரமே ஒரு தூக்குவாளி நிறைய செய்து கொடுத்துட்டாங்க! வேறு வழியில்லாமல் திறந்தேன். மூக்கைப் பொத்தினவள்தான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். முதல் தடவை நடந்ததை அம்மாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.