பதினேழிலிருந்து பதினைந்துக்கு

என் வயதுக்காரர் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு பிரஷரில் தொடங்கும், சீனிக்குப் போகும், பிறகு பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்று வரும். இரண்டு பேரிடமும் ஹைபிரிட் கார் இருந்தால் கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கும்: "உங்கட கார் லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?" ஒருவர் இருபது என்பார். மற்றவர் இருபத்தைந்து என்பார். இருபது சொன்னவருக்கு அன்றிரவு நித்திரை வராது. விடிந்ததும் பற்றரியைப் பரிசோதிக்கக் கராஜுக்குப் போய்விடுவார். பற்றரிக்குப் போக முதல் கொஞ்சம் குனிந்து, ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள் என்பது நான் சொல்லும் ஆலோசனை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இந்த ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த அக்வாவும் பிரியஸும் வெசலும்தான் கைமாறிக் கைமாறி ஓடின. கைமாறும் ஒவ்வொரு வீட்டிலும் காருக்கு ஏதாவது ஒரு அலங்காரம் நடக்கும். நான் 2021இல் வாங்கிய அக்வாவுக்கு முந்தைய சொந்தக்காரர் பதினேழு அங்குலக் கறுப்பு றிம் போட்டிருந்தார். ரயர் 205/45 ஆர்17. அந்த வகை அக்வா ஜப்பானில் தொழிற்சாலையை விட்டு வந்தது 175/65 ஆர்15 உடன்.

இந்த எண்களை வாசிப்பது கஷ்டமில்லை. முதல் எண் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. மூன்றாவது றிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆகவே தொழிற்சாலை ரயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 114 மில்லிமீற்றர். முந்தைய சொந்தக்காரர் போட்டதில் 92. கிடங்கில் விழுந்தால் அடியை முதலில் வாங்குவது ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் அல்ல, இந்தப் பக்கச்சுவருக்குள் இருக்கும் காற்றுத்தான். அதில் இரண்டு சென்ரிமீற்றர் குறைந்துவிட்டது. சைவக்கடை வடையின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சென்ரிமீற்றரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அந்தக் காரின் முக்கியமான பயணி என் மனைவி. முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்தவர், நாலு மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பில் கிளினிக். யாழ்ப்பாணத்திலிருந்து மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம் வழியாகப் போனால் நானூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. ஏ9 கார்ப்பெற் வீதிதான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் பாலத்துக்குப் பாலம் இணைப்பில் ஒரு 'டக்'. ஊர்களுக்குள் வேகத்தடை. வெட்டி மூடிய இடங்களில் ஒரு குலுக்கல். அவர் முறையிடும் ஆள் இல்லை. வவுனியா வரை கதைத்துக்கொண்டு வருவார், அனுராதபுரத்தில் கதை குறையும், புத்தளம் தாண்டினால் பின் சீற்றில் தலையணையோடு சரிந்து கண்ணை மூடிக்கொள்வார். அந்த மௌனம் எனக்கு விளங்கும். இனி பஸ்சிலோ ரெயிலிலோ போகவும் ஏலாது. காரும் ஏலாதென்றால் கிளினிக்கை விட்டுவிட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் 2022 வந்தது. வரிசைகளை நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் 470 ரூபா. ஓகஸ்ற்றில் கியூ.ஆர். முறை நாடு முழுதும் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் கார் அப்போது லீற்றருக்கு இருபது ஓடியது. இருபது தரம் இருபது நானூறு. கிழமைப் பங்கில் கொழும்புக்குப் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். ஒரு கிழமைப் பங்கைத் தாங்கிக்குள்ளேயே அடைகாத்து வைத்து, அடுத்த கிழமைப் பங்கை அதற்கு மேல் ஊற்றிப் போய்வரலாம் என்றால் அக்வாவின் தாங்கி கொள்வது 36 லீற்றர். எண்ணூறு கிலோமீற்றருக்கு அது நாலு லீற்றர் போதாது. ரயரை மாற்றிப் பார்ப்போம் என்ற எண்ணம் அந்த நாலு லீற்றரில் பிறந்தது.

பஞ்சிகாவத்தையில் பழைய பதினைந்து அங்குல றிம் நாலு எடுத்து, 175/65 ஆர்15 புது ரயர் போட்டேன். உருள்வெதிர்ப்புக் குறைந்த வகையாகப் பார்த்து வாங்கினேன்.

நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவனுக்குக் காரின் மீற்றரை அப்படியே நம்பும் பழக்கம் கிடையாது. மீற்றர் எண்ணுவது தூரத்தையல்ல, சில்லு சுற்றும் சுற்றுகளை. ரயரின் விட்டம் மாறினால் தூரக் கணக்கே மாறிவிடும். பதினைந்து அங்குல ரயரின் முழு விட்டம் 608 மில்லிமீற்றர், பழையது 616. பெரிய ரயர் ஒரு சுற்றில் கூடத் தூரம் போகும். மீற்றருக்கு அது தெரியாது. ஏ9 வீதிக் கற்களில் 50 கிலோமீற்றர் அளந்து பார்த்தேன். பழைய ரயரில் மீற்றர் 49.5 காட்டியது, புதியதில் 50.1.

சின்ன வித்தியாசம்தான். ஆனால் இதைக் கணக்கில் எடுக்காமல் பேசுவதால்தான் நம்மவர்களிடையே இத்தனை வாக்குவாதம். அக்வாவின் அடிப்பாகம் பதிவு, வேகத்தடையில் உரசும் என்று பலர் 185/65 ஆர்15 போடுகிறார்கள். அதன் விட்டம் 621 மில்லிமீற்றர். உண்மையில் 102 கிலோமீற்றர் ஓடினால் மீற்றர் 100 என்றே காட்டும். "பெரிய ரயர் போட்ட உடனே மைலேஜ் விழுந்திட்டுது" என்கிறவர்களின் கவலையில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழை. மறுபக்கம், அடிப்படை வகை அக்வாவுக்கு வரும் 165/70 ஆர்14 ரயரைச் சிக்கனம் என்று தங்கள் காருக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள். அதன் விட்டம் 587 மட்டுமே. நூறு கிலோமீற்றர் போனால் மீற்றர் 103 தாண்டிக் காட்டும். ஓடாத தூரத்துக்கும் சேர்த்துப் பெருமைப்படுவார்கள். பெரிய ரயரால் காரின் அடிப்பாகம் உயர்வது எவ்வளவு என்று பார்த்தால், விட்ட வித்தியாசத்தில் பாதி, ஆறரை மில்லிமீற்றர். அதற்கு ஒரு ஆளை வேகத்தடைக்கு முன்னர் இறக்கிவிடுவது கூடப் பலன் தரும்.

கல்லுக் கணக்கில் திருத்திய பிறகு என் எண்கள் இவை. பழைய ரயரில் மூன்று கொழும்புப் பயணச் சராசரி லீற்றருக்கு 20.1. புதிய ரயரில் மூன்று பயணச் சராசரி 22.2. ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. எண்ணூறு கிலோமீற்றருக்கு 39.8 லீற்றர் குடித்தது இப்போது 36க்குள் வந்துவிட்டது. தாங்கியின் அளவு! அதை நம்பிக் கடைசிச் சொட்டு வரை ஓடுகிற துணிவு எனக்கில்லை. என்றாலும் கொழும்பில் தம்பி வீட்டில் இரந்து வாங்கும் பெற்றோல் ஒரு போத்தலோடு போனது.

இந்தப் பத்தும் அளவு மாறியதால் மட்டும் வந்தது என்று நான் சொல்லவில்லை. ரயரின் வகை மாறியது, றிம்மின் பாரம் குறைந்தது, பழைய ரயர் அகலம். எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் இது என் காரின் விசேஷமும் இல்லை. 2023 மாதிரிப் பிரியஸை எடுங்கள். முன்சில்லு இழுவை வகையில், எஞ்சின் அதே எஞ்சின். 195/60 ஆர்17 ரயரோடு வரும் எல்.ஈ. வகைக்கு அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கொடுத்த கணிப்பு கலனுக்கு 57 மைல். 195/50 ஆர்19 ரயரோடு வரும் எக்ஸ்.எல்.ஈ. வகைக்கு 52. நம் கணக்கில் 24.2 கிலோமீற்றரும் 22.1 கிலோமீற்றரும். விலை கூடிய வகையில் உபகரணப் பாரமும் கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் கூடக் காசு கொடுத்து வடிவான சில்லு வாங்குகிறவர் பெற்றோலுக்கும் கூடக் கொடுக்கிறார்.

ஹைபிரிட்டில் இது ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை யோசித்துப் பார்த்தேன். சாதாரணக் கார் சிக்னலில் நின்றாலும், இறக்கத்தில் உருண்டாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வீண் செலவுக்குள் ரயர் தின்னும் பங்கு மறைந்துவிடும். ஹைபிரிட் தேவையில்லாத நேரம் எஞ்சினை நிறுத்திவிடுகிறது. பிறேக் பிடித்தால் மோட்டாரை ஜெனரேற்றராக்கி, வேகத்திலிருந்த சக்தியில் ஒரு பகுதியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அதாவது காரை ஓட வைக்கச் செலவழித்ததில் கொஞ்சம் திரும்பி வரும். ரயர் நசுங்கி நிமிர்வதில் போகும் சக்தியோ ஒரு துளியும் திரும்பாது, அது சூடாகிப் போய்விடும். மதவாச்சியில் தேத்தண்ணிக்கு இறங்கும்போது ரயரைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூடு முழுக்க நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெற்றோல்.

வேகமாக ஓடுகிற நாடுகளில் காற்றுத்தான் பெரிய எதிரி. இங்கே நகருக்கு வெளியே காருக்கு 70 தான் எல்லை. அக்வா அளவான காரில் மணிக்கு 60 கிலோமீற்றருக்குக் கீழே காற்றின் எதிர்ப்பைவிட ரயரின் எதிர்ப்பே கூட. நம் வீதிகளில் நாம் அநேகமாக அந்த வேகத்தில்தான் போகிறோம். என் மனைவி பக்கத்தில் இருந்தால் அதிலும் குறைவு.

சத்தமும் ஒரு விஷயம். எஞ்சின் நின்ற நேரத்தில் காருக்குள் கேட்பது ரயர் மட்டுமே. பதினேழு அங்குலத்தில் கரடுமுரடான வீதியில் ஆலையில் மா அரைப்பதுபோல ஒரு இரைச்சல் இருந்தது. இப்போது வானொலிச் செய்தியைச் சத்தம் கூட்டாமல் கேட்க முடிகிறது. இரண்டு பேருக்கும் காது முந்தியைப்போல இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாற்றிய பிறகு போன முதல் பயணத்தில் ரயரைப் பற்றி அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக "நல்லாயிருக்கு" என்பார், அது பரிசோதனை ஆகாது. மாங்குளம் தாண்ட, "இஞ்சாருங்கோ, றோட்டைத் திருப்பித் திருத்தினவங்களோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். சிலாபத்தில் இறங்கி அன்னாசி விலை பேசினார். போன தடவை அந்த இடத்தில் அவர் கண் திறக்கவே இல்லை. வலி போய்விட்டது என்று எழுத மாட்டேன். நாலு மணித்தியாலத்தில் வந்த வலி ஆறு மணித்தியாலத்தில் வருகிறது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் கொழும்பு கிட்டிவிடுகிறது.

எதிர்பார்க்காத ஒரு நன்மை எங்கள் ஒழுங்கையில் கிடைத்தது. முன்பு படலைக்குள் திருப்ப இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். முழுதாக வெட்டினால் அகல ரயர் உள்ளே உரசும். ரொயோட்டாவே இதை அறிந்து வைத்திருக்கிறது. 195/50 ஆர்16 ரயரோடு விற்ற அக்வாவுக்குத் திரும்பும் ஆரை 5.7 மீற்றர், பதினைந்து அங்குலக்காரனுக்கு 4.8. இப்போது ஒரே வெட்டில் உள்ளே வருகிறேன்.

நட்டம் இல்லையா என்றால், உண்டு. வளைவில் கொஞ்சம் வேகமாகப் போனால் கார் முன்பைவிடச் சாய்கிறது. அகல ரயரின் பிடிப்பு இல்லை. எழுபது வயதில் வளைவை வேகமாக வெட்ட வேண்டிய அவசரம் எனக்கில்லை, முப்பது வயதுக்காரனுக்கு இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெடியன் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், கார் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுச் செருப்புப் போட்டமாதிரி இருக்கு" என்றான். இந்த வெயிலுக்குச் செருப்புத்தான் சுகம் என்றேன். கறுப்பு றிம் நாலையும் பிறகு அவனே கேட்டு வாங்கிக்கொண்டான், அந்தக் காசில் ஒன்றரை ரயருக்குச் சரிவந்தது.

உருள்வெதிர்ப்பு மட்டும் பார்த்து ரயர் வாங்கவும் வேண்டாம். ஜப்பான் ரயர்களில் 2010 முதல் இரண்டு தரம் போட்டிருக்கும்: உருள்வெதிர்ப்புக்கு ஒன்று, ஈர வீதியில் பிடிப்புக்கு ஒன்று. முதலாவதில் உச்சமாக இருக்கும் சிலது இரண்டாவதில் சறுக்கும். கார்த்திகை மழையில் முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஒரு மாடு வீதியைக் கடக்கும்போது எந்தத் தரம் முக்கியம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் ஈரப் பிடிப்புக்கு ஒரு படி கூடக் கொடுத்து, மற்றதில் ஒரு படி விட்டுக்கொடுத்தேன்.

காற்று அமுக்கத்தைக் கூட்டினாலும் மைலேஜ் கொஞ்சம் ஏறும் என்பது உண்மை. ஆனால் கூட்டியது முழுவதும் முதுகுக்குத்தான் வந்து சேரும். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் தொழிற்சாலை அளவுக்கான அமுக்கம் கிலோபஸ்கலில் இருக்கும். அதை 6.9ஆல் வகுத்தால் நம் காற்றடிக்கும் இடத்துப் பெடியனுக்கு விளங்கும் எண் வரும். அதிகாலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். ரயர் அளவை மாற்றப் போகிறவர்கள் பழைய ரயரிலேயே இரண்டு தாங்கி பெற்றோல் ஓடி, வீதிக் கல்லோடு ஒப்பிட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு அந்தக் கணக்கை எடுக்க முடியாது.