மூன்று அங்குலக் கட்டம்

மதுரையில் அந்தச் சந்துக்குள் திரும்பும்போதே டர்பன்டைன் வாடை வந்துவிட்டது. தகரக் கூரை போட்ட பேனர் பட்டறை. சுவரில் சாய்த்த மரச் சட்டங்கள், டப்பாக்களில் ஊறும் பிரஷ்கள், பாதி எழுதிய திருவிழாப் பலகை ஒன்று. நாற்பத்து மூன்று வயதில் படம் போடக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். மாஸ்டர் என் பையிலிருந்த 24 டியூப் அக்ரிலிக் பெட்டியைத் திறந்து பார்த்தார். "இது அப்படியே இருக்கட்டும் தம்பி. மொதல்ல நூலைப் புடிங்க."

நீலப் பொடி தடவிய நூலின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்தோம். அவர் சுண்டியதும் வெள்ளைப் பலகையில் பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது. நான் கொண்டுபோனது எங்கள் தெருப் பூக்காரம்மாவின் புகைப்படம், 4க்கு 6 அங்குலம். அதில் அரை அங்குலக் கட்டம். 2க்கு 3 அடி பலகையில் 3 அங்குலக் கட்டம். இரண்டிலும் 96 கட்டங்கள், படம் ஆறு மடங்கு பெரிதாகும். சினிமா பேனருக்கும் இதே கணக்குதான். அங்குலத்துக்கு ஓர் அடி என்று வைத்தால் பன்னிரண்டு மடங்கு. சாரத்தில் நின்று பெரிய கண்ணொன்றை எழுதுகிறவருக்கு முழு முகம் தெரியவே தெரியாது. கட்டத்தை நம்பித்தான் கை ஓடும்.

படம் போடுவதை எழுதுவது என்றுதான் பேனர் ஓவியர்கள் சொல்கிறார்கள். படத்தையும் எழுத்தையும் ஒரே வினையில் சொல்லும் பழைய தமிழ் இந்தப் பட்டறையில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

கரித்துண்டால் மூக்கைப் போட்டேன். மாஸ்டர் துணியால் துடைத்துவிட்டார். மறுபடி போட்டேன், மறுபடி துடைத்தார். "நீங்க மனசுல இருக்குற மூக்கைப் போடுறீங்க தம்பி. அந்தம்மா மூக்கு அதில்ல. இந்தக் கட்டத்துல கோடு எங்க நுழையுது, எங்க வெளியேறுது? அதை மட்டும் பாருங்க." பிறகு புகைப்படத்தையும் பலகையையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். மூக்கு மறைந்து, ஒரு வளைவும் அதையொட்டிய நிழலும் மட்டும் மிஞ்சின. முதல்முறையாகக் கோடு சரியாக விழுந்தது.

முன்பு ஒரு வாரக்கடைசி வகுப்பில் இரண்டு மணி நேரத்தில் சூரியாஸ்தமனப் படம் ஒன்றை முடித்துக் கையில் கொடுத்தனுப்பினார்கள். எப்படிப் பார்ப்பது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வண்ணத்தை அள்ளிக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் கெடுதல் என்றே இப்போது நினைக்கிறேன்.

மாஸ்டர் பதினான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். பிரஷ் கழுவினார், சட்டத்தில் துணி இழுத்து அடித்தார், வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பூசினார். பிறகு பின்னணி, எழுத்து, உடை. முகத்தில் கை வைக்க எட்டு வருஷம் ஆனதாம். அவருடைய குரு நாடகத் திரைச்சீலை எழுதியவர். தென்மாவட்டங்களில் திரை எழுதும் வேலைதான் அப்போது பெரிய பள்ளிக்கூடம். சிவகாசிக் காலண்டர்களில் சாமி படங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்த கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) நாடகத் திரைகள் எழுதியவர்தான். ஓவியர் எம்.எஃப்.ஹுசைன் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகைகள் எழுதிப் பிழைத்த காலமும் உண்டு. 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரு வாரம் எழுதிய பேனரை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அச்சடித்துவிடுகிறது. பட்டறையில் எட்டுப் பேர் இருந்தார்களாம். இப்போது மாஸ்டர் மட்டும்தான்.

ஐந்தாம் நாள்தான் வண்ணம் வந்தது, அதுவும் ஒன்றே ஒன்று. பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து நிழல்களை மட்டும் நிரப்பச் சொன்னார். "கண்ணைச் சுருக்கிப் பாருங்க. சில்லறை எல்லாம் போயிரும். இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிக்கும்." சுருக்கிப் பார்த்தேன். பூக்காரம்மாவின் முகச்சுருக்கங்கள் கரைந்து, இடது பக்கம் முழுக்க ஒரே நிழலாகத் திரண்டது. அதுவரை அந்தச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தேன்.

அது காய்ந்த பிறகு தோல் நிறம். யெல்லோ ஓக்கர், கொஞ்சம் சிவப்பு, வெள்ளை. நிழலுக்குக் கறுப்பு எடுக்கப் போன என் கையைத் தடுத்து, பச்சையைக் காட்டினார். கன்னத்தில் பச்சையா? அவர் என் பிரஷை வாங்கி, தாடை ஓரம் ஒரே இழுப்பு இழுத்தார். பாசி படிந்தது போல அது தனியாக நின்றது. படம் கெட்டுப்போனது என்றே நினைத்தேன்.

"சந்துக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பாருங்க."

சைக்கிள் ஒன்று போகக் காத்திருந்து எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட நின்றேன். பச்சை அங்கே இல்லை. தாடை உள்வாங்கியிருந்தது, கன்ன எலும்பு மேலெழுந்திருந்தது. காலையில் மல்லிகை அளக்கும்போது அந்த அம்மா தலையைச் சாய்ப்பது அப்படியே தெரிந்தது. கிட்டே ஓடி வந்தேன். மறுபடியும் வெறும் பச்சைத் தீற்றல்.

மாஸ்டர் பிரஷைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "காது இருக்குற கட்டம் பாக்கி. காதுன்னு நினைக்காமப் போடுங்க."