ஊர் சுற்றப் போனோம்

எங்கள் காலனியில் ‘ஊர் சுத்தி’ என்றால் வசவு. வேலை வெட்டி இல்லாதவன், வீட்டுக்கு அடங்காதவள் என்று அர்த்தம். நாங்கள் ஊர் விட்டு ஊர் போனதெல்லாம் பிழைக்கத்தான். கரும்பு வெட்டப் போனோம், செங்கல் சூளைக்குப் போனோம். அதற்கும் முந்தின தலைமுறையில் கப்பலேறி மலேயாவுக்குப் போனார்கள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிய ஒரு ஆளை நான் சின்ன வயசில் பார்த்ததே கிடையாது. 2023 நவம்பரில் நானும் இவரும் முதுகில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் மூன்று வாரம் சுற்றிவிட்டு வந்தோம். திரும்பி வந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “அங்க என்னா வேல குடுத்தாங்க?”

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ரயிலில் போன நாள்.

விமானம் என்றால் ஒன்றரை மணி நேரம். ரயிலில் கிட்டத்தட்ட பதினோரு மணி நேரம். டிக்கெட்டும் பெரிதாக ஒன்றும் மலிவில்லை. ஆனால் இவர் கேங்மேன் மகன். விருத்தாசலம் பக்கம் வெயிலில் தண்டவாளம் பார்த்தே மாமனார் காலம் போச்சு. இவருக்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை. “தண்டவாளம் இருக்கும்போது எவனாவது ஆகாசத்துல போவானா?” என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

காலையில் சிட்னி சென்ட்ரலுக்கு நடந்தே போனோம். ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ. நாங்கள் தங்கியது இளவட்டங்கள் தங்கும் மலிவான விடுதி. ஐம்பதை நெருங்கும் புருஷனும் பெண்டாட்டியும் அங்கே நாங்கள் ஒரு ஜோடிதான். பையை மாட்டும்போது தோளில் வார் அழுந்தியது. அம்மா நெல்லுக்கட்டு தூக்கும்போது துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பாள். அந்தச் சுமை யாருடையதோ. நான் சுமப்பது என் துணி, என் சோப்பு, என் மிளகாய்த்தூள். கனம் ஒன்றுதான் என்றாலும் கழுத்துக்கு வித்தியாசம் தெரிகிறது.

ரயிலில் எங்கள் சீட்டு ஜன்னலோரம். எதிரில் உட்கார்ந்தவர் வானிலை பற்றிப் பேசினார், பிறகு தூங்கிப்போனார். எந்த ஊர், ஊருக்குள்ளே எந்தத் தெரு, அப்பா என்ன செய்தார் என்ற தூண்டில் கேள்வி ஒன்றும் வரவில்லை. நம் ஊர் ரயிலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறப்பதற்குள் வந்துவிடும் கேள்வி அது. பதினோரு மணி நேரம் அது இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட ஓய்வு என்று, அதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதற்காக அதை ஒரு சமத்துவ பூமி என்று எழுதிவிட மாட்டேன். நாங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்னால்தான், 2023 அக்டோபர் 14-ஆம் தேதி, அந்த நாட்டின் பூர்வகுடிகள் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு அமைப்பு வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலத்திலும் தோல்வி. சட்டம் போடும் அதிகாரம் கூட இல்லை, வெறும் ஆலோசனை. அதற்கே இந்தக் கதி.

கோல்பர்ன் தாண்டி, யாஸ் தாண்டி, விளைந்த கோதுமையும் செம்மறி ஆடுகளுமாகப் போய்க்கொண்டிருந்தது. மதியம் கூட்டமண்ட்ரா என்ற ஊர் வந்தது. இவர் குதிக்காத குறை. “ஏ புள்ள, பிராட்மன் பொறந்த ஊருடி இது! 1908!” கிரிக்கெட் என்றால் இவருக்கு உயிர். எனக்கு அந்த ஊர்ப் பெயர் வேறு விதமாகத் தெரியும்.

1910-களின் தொடக்கத்திலிருந்து 1960-களின் கடைசி வரை அந்த ஊரில் ஒரு விடுதி இருந்தது. பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடம். பூர்வகுடிப் பெண்பிள்ளைகளுக்கு ‘வீட்டு வேலைப் பயிற்சி’ கொடுக்கும் இடம். பயிற்சி என்ன பயிற்சி? துவைக்க, துடைக்க, சமைக்க, வெள்ளைக்கார வீட்டில் கீழ்ப்படிந்து நிற்க. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1915-இல் சட்டத்தைத் திருத்தி, கோர்ட்டுக்குப் போகாமலே பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கும் அதிகாரத்தைப் ‘பாதுகாப்பு’ வாரியத்துக்குக் கொடுத்தார்கள். பாதுகாப்பு! பேர் வைப்பதில் எல்லா நாட்டு ஆண்டைகளும் கெட்டிக்காரர்கள்தான்.

மார்கரெட் டக்கர் என்ற பெண்ணை 1917-இல், பதின்மூன்று வயதில், பள்ளிக்கூடத்திலிருந்து போலீஸ் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த ஊரில்தான். கூடவே தங்கச்சியையும். பிறகு சிட்னியில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் பட்ட கொடுமை கொஞ்சமில்லை. இந்தப் பிள்ளைகளின் கூலியில் கைச்செலவுக்கென்று ஏதோ சில்லறை. மீதியை வாரியம் வாங்கி வைத்துக்கொள்ளும். வைத்த பணம் பலருக்கு வந்து சேரவேயில்லை. இதைப் பற்றி 1983-இல் ஒரு ஆவணப்படம் வந்தது, ‘லவுசி லிட்டில் சிக்ஸ்பென்ஸ்’ என்று. அதில் டக்கரும் பேசுகிறார். வயதான அந்த அம்மாவின் முகம் எனக்கு மறக்கவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல இவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ரயில் கிளம்பிவிட்டது. கடைசியில் சொன்னார்: “ஒரு நாளாவது சந்தோஷமா இருக்க விடுறியா? மத்தவனெல்லாம் ஊர் பாக்க வர்றான், பாக்குறான், போறான். நாம மட்டும் எங்க போனாலும் எழவு வீடு தேடணுமா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. துக்கத்தைச் சுமப்பதும் நம் தலையில் ஏற்றிவிட்ட வேலையா என்ன? மேல்சாதிக்காரன் சிட்னி போனால் பாலத்தைப் பார்த்துவிட்டு வருகிறான். அவனை யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நானும் விடுதியில் வளர்ந்தவள்தான். அரசு ஆதிதிராவிடர் நல விடுதி, தகரப்பெட்டி, புழு பொறுக்கிய சோறு. ஆனால் என்னை அங்கே கொண்டுவிட்டது என் அம்மா. பொங்கலுக்கு வந்து அழைத்துப்போனதும் அவளே. கூட்டமண்ட்ரா பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போகும் வழியை மறக்கடிப்பதே விடுதியின் வேலை. அவர்கள் கதையும் என் கதையும் ஒன்று என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நிஜமாக இருக்காது. கூலியைப் பிடித்துவைக்கும் தந்திரம் மட்டும் ஒன்றுதான். அம்மாவின் கூலியையும் ஆண்டை வீட்டில் “இருக்கட்டும், கணக்குல இருக்குது” என்றே வருஷக்கணக்காக வைத்திருந்தார்கள்.

வாக வாக வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. இவர் போய்ச் சூடாக ஒரு இறைச்சிப் பை வாங்கிவந்து பாதியை என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் சமாதானம் அப்படித்தான் நடக்கும்.

ஆல்பரியில் வண்டி நின்றபோது இவர் முறை. நானூறு மீட்டருக்கும் நீளமான பிளாட்பாரம். ஏன் தெரியுமா என்று ஆரம்பித்தார். இந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ் தண்டவாளம் நாலடி எட்டரை அங்குலம், அந்தப் பக்கம் விக்டோரியாவில் ஐந்தடி மூன்று அங்குலம். 1962 வரை சிட்னி - மெல்பர்ன் போகிறவர்கள் எல்லாரும் இங்கே இறங்கி வேறு வண்டி ஏறவேண்டும், ராத்திரி குளிரானாலும். “நம்ம திருச்சியில மீட்டர் கேஜ்லேருந்து பிராட் கேஜுக்கு மூட்டையோட ஓடுவோமே, அதான்!” என்றார். அவர் முகத்தில் அப்பாவைப் பார்த்த சந்தோஷம்.

ஆல்பரி தாண்டியதும் மர்ரி ஆறு. பாலத்தில் வண்டி போகும்போது நான் மெதுவாகச் சொன்னேன். இதே ஆற்றில் கீழே வெகுதூரம் போனால் கம்மரகஞ்சா என்ற பூர்வகுடிக் குடியிருப்பு. 1939 பிப்ரவரியில் அங்கே நிர்வாகியின் அடாவடியும் பட்டினியும் தாங்காமல் இருநூறு பேர் அளவில் வீட்டைப் போட்டுவிட்டு ஆற்றைக் கடந்து விக்டோரியா பக்கம் போய்விட்டார்கள். ‘முடியாது, போறோம்’ என்று கிளம்பிவிட்டார்கள்.

“போயிட்டாங்களா? குடும்பத்தோடயா?”

“குடும்பத்தோட.”

“அட! இத மொதல்ல சொல்றதுக்கென்ன?” என்று ஜன்னலில் முகத்தை ஒட்டி ஆற்றைப் பார்த்தார். ஆறு போன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்த மார்கரெட் அம்மா என்ன ஆனார் என்று அவரே கேட்டார். மெல்பர்னில் வாழ்ந்தார், சங்கம் கட்டியவர்களில் ஒருவர், 1938 ஜனவரி 26-இல் வெள்ளைக்காரன் வந்திறங்கிய 150-ஆம் ஆண்டை நாடு கொண்டாடியபோது சிட்னியில் நடந்த துக்க நாள் கூட்டத்துக்கு விக்டோரியா ஆட்களில் ஒருவராகப் போனார், 1996-இல் இறந்தார் என்று சொன்னேன்.

மெல்பர்னில் இறங்கும்போது சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருந்தது. விடுதியில் ஒரே சமையலறை, எல்லாருக்கும் அதே பாத்திரம். சுவரோரம் ஒரு அலமாரி. ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் மிச்ச அரிசி, எண்ணெய், உப்பு வைத்துவிட்டுப் போவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இவர் சாதாரணமாக அரிசியை எடுத்தார். எனக்குக் கை போகவில்லை. ஆண்டை வீட்டுக் கொல்லையில் அம்மா சட்டியை நீட்டிக்கொண்டு நின்றது கண்முன் வந்தது. “இது அது இல்ல. நாளைக்கு நாமளும் வச்சுட்டுப் போவோம்” என்றார். நான் வெளியே போய் மாட்டுக்கறியும் வெங்காயமும் ஒரு கிலோ அரிசியும் காசு கொடுத்து வாங்கிவந்தேன். கறி கொதிக்கும்போது மாடியிலிருந்து ஒரு ஜெர்மன் பெண் வாசனை பிடித்து இறங்கிவந்தாள். அவளுக்கும் ஒரு தட்டு போட்டேன். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு எல்லாப் பாத்திரத்தையும் அவளே கழுவினாள்.

மூன்று நாள் கழித்துக் கிளம்பும்போது, விமான நிலையப் படிவத்தில் எழுதிக் காட்டிக் கொண்டுவந்த மிளகாய்த்தூளில் பாதியை ஒரு டப்பாவில் போட்டு அந்த அலமாரியில் வைத்தேன். மேலே ஒரு காகிதம் ஒட்டினேன்: காரம் அதிகம், பார்த்துப் போடவும்.